சுவருக்கு மேல் ஒரு முழம்

எஸ்டேட் கணக்கு பார்க்கிற கிராணி ராதாகிருஷ்ணன் நல்ல மனுஷன்தான். கெட்ட செய்தி சொல்வதற்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார். அதனாலேயே எஸ்டேட் ஆபீஸில் அவர் நாற்காலியை இழுத்தால் ஜனங்கள் நின்றுகொண்டே கேட்டுக்கொள்கிறோம் என்பார்கள். அன்றைக்கு நளினிக்காக நாற்காலி இழுபட்டது.

“ஜெகா கம்ப்ளேன் கொடுத்திருக்கான்மா,” என்றார். “அவனையும் குத்தம் சொல்ல முடியாது. ராத்திரி பூரா லோரி ஓட்டுறவன், பகல்ல கண்ணசர விடணும்ல. மேனேஜரு சொல்லிட்டாரு. தீபாவளிக்குள்ள உங்கம்மா சத்தத்துக்கு ஒரு வழி பண்ணு. இல்லன்னா ஈப்போவுல வயசானவங்க ஹோம் இருக்கு, அங்க கொண்டுபோய் விடு. ரெண்டும் ஆவலன்னா வீட்டக் காலி பண்ணச் சொல்றாரு.”

நளினி தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்தாள். சத்தத்துக்கு என்ன வழி பண்ணுவது? அம்மா என்ன ரேடியோவா, திருகிக் குறைப்பதற்கு?

அவளுடைய அம்மா அம்சவல்லி, அந்தத் தேயிலைத் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் முப்பது வருஷம் பிள்ளை பார்த்தவள். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் பொழுது விடியும்போதே கைக்குழந்தையையும் நடக்கிற குழந்தையையும் அவளிடம் விட்டுவிட்டு மலையேறுவார்கள். பால் கலக்குவது, தொட்டில் ஆட்டுவது, மூக்கைச் சிந்திவிடுவது, முதுகில் ஒன்று வைப்பது, எல்லாம் அவள்தான். தோட்டத்தில் இன்றைக்கு நாற்பதைத் தாண்டிய எவருக்கும் அவள் ஆயாதான். அவளுக்கு அம்சவல்லி என்று ஒரு பேர் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.

இப்போது ஆயாவுக்கு ஞாபகம் போய்விட்டது. போய்விட்டது என்று சொல்வதும் சரியில்லை. கொட்டகை மட்டும் தலைக்குள் அப்படியே இருந்தது, மற்றதெல்லாம்தான் போனது. காலையில் நளினி வேலைக்குக் கிளம்பியதும் ஆயாவும் வேலையில் இறங்கிவிடுவாள். ‘மலரு, மண்ணத் திங்காதடி.’ ‘புனிதா, அவன் பால அவனுக்கு விடு.’ ‘ஜெகா, எறங்குடா. கீழ எறங்குடா.’ மற்றப் பிள்ளைகள் ஒரு அதட்டலுக்கு அடங்கிவிடுவார்கள் போலிருக்கிறது. ஜெகா மட்டும் இறங்கவே மாட்டான். அவனை இறக்குவதிலேயே அவளுடைய பகல் போகும்.

அந்த ஜெகா வேறு யாருமில்லை, பக்கத்து வீட்டு ஜெகதீஸ்வரன்தான். அவனுக்கு நாலு வயதில், ஆயா வேறொரு பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த நேரம், கொட்டகைக்குப் பின்னாலிருந்த தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறிவிட்டான். இறங்குடா இறங்குடா என்று அவள் கத்திக்கொண்டே ஓடினாள். ஓடிப் போய்ச் சேர்வதற்குள் விழுந்துவிட்டான். அவனுக்கு இப்போது நாற்பத்தாறு வயது, இடது முழங்கை இன்னும் முழுசாக நீளாது. விழுந்தது அவனுக்கு ஞாபகமே இல்லை. சிறுபிள்ளையில் கை ஒடிந்தவன் என்று லயத்தில் சொல்லிக் கேட்டதோடு சரி.

வரிசையாக ஒட்டிக் கிடக்கும் லயத்து வீடுகளைக் கட்டிய மகராசன் சுவரைப் பாதிக்குச் செங்கல்லில் கட்டி, மீதியைப் பலகையில் அடித்து, கூரையைத் தொடுவதற்கு ஒரு முழம் இருக்கும்போது பலகை தீர்ந்ததோ பொறுமை தீர்ந்ததோ, அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டான். அந்த ஒரு முழம் இந்தக் கோடி வீட்டிலிருந்து அந்தக் கோடி வீடு வரை திறந்தே கிடந்தது. நளினியுடையது கோடி வீடு, அதை ஒட்டி ஜெகா வீடு மட்டும்தான். ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் லயம் முழுக்கப் பசிக்கும். புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு ஆறு வீட்டிலிருந்து தீர்ப்பு வரும்.

ஜெகா சாயங்காலம் திரிங்காப் தோட்டங்களில் முட்டைக்கோசு ஏற்றி கே.எல். காய்கறிப் பாசாருக்கு ஓட்டுவான், காலையில் திரும்பி வந்து படுப்பான். படுத்த கொஞ்ச நேரத்தில் சுவருக்கு மேலே இருந்து அவன் பேர் வரும். முதலில் பொறுத்துப் பார்த்தான். பிறகு சுவரைத் தட்டினான். தட்டினால் பிள்ளை விழுந்துவிட்டதென்று ஆயா இன்னும் பெரிதாகக் கத்தினாள். அவன் எப்படியோ அசந்து குறட்டை கிளம்பினால் அவளும் கொஞ்ச நேரம் அடங்குவாள். குறட்டை நின்று அவன் புரண்டு படுத்தால் மறுபடியும் ஆரம்பித்துவிடும். அவளுக்கும் களைப்பாகாதா, அதனால் நடுநடுவே ஓய்கிறாள் என்று நளினி நினைத்துக்கொண்டாள்.

போன மாதம் ரிங்லெட்டுக்குக் கீழே ஒரு வளைவில் அவனுக்குக் கண் இருட்டி, லோரி ரோட்டோரக் கம்பியில் உரசிவிட்டது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவன் பெண்டாட்டி துளசி அன்றைக்கு அழுத அழுகையில்தான் ஆபீஸுக்குப் போனான். போய்விட்டு வந்து குழாயடியில் நளினியைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

“ஆயாமேல எனக்குக் கோவம் இல்ல, நளினி,” என்றான். “வேற பேரச் சொன்னாலாவது தூங்கிருவேன். என் பேரத்தானே சொல்லுது. எப்படிப் படுத்திருக்கிறது?”

நளினிக்கு அவனைத் திட்ட வேண்டும்போலத்தான் இருந்தது. நியாயம் அவன் பக்கம் இருந்ததால் திட்ட முடியாத கோபம் அது, நெஞ்சிலேயே கிடந்து புளித்தது. அவளுக்கு நாற்பத்தொன்று. புருஷன் ஜொகூரில் வேறு குடும்பம் நடத்தப் போய்ப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. அவனைப் பற்றி இந்தக் கதையில் இவ்வளவு போதும். அவளுக்கு இருந்தது அம்மா ஒருத்திதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஈப்போ ஹோமைப் போய்ப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. கட்டில்கள் வரிசையாக இருந்தன. கிழவிகள் டிவிக்கு முன்னால் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்திகூட வாயைத் திறக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் நளினிக்குப் பயம் வந்தது. பஸ்ஸில் திரும்பும்போது தாப்பாவிலிருந்து மேலே ஏறும் வரை அழுதாள்.

வழி அவள் வேலை செய்த இடத்திலேயே கிடந்தது.

பிள்ளைகள் இல்லாமல் பூட்டிக் கிடந்த அதே ஆயாக் கொட்டகையை ஒரு சின்னக் கம்பெனி வாடகைக்கு எடுத்திருந்தது. நடத்துகிறவன் யுவனேஸ்வரன் என்ற கிள்ளான் பையன், பெரிய படிப்புப் படித்தவன், எதைக் கேட்டாலும் விரலால் காற்றில் படம் போட்டு விளக்குவான். தேயிலை ஃபேக்டரியில் தூள் சலித்து எடுத்தபின் காம்பும் நாருமாக ஒரு கழிவு மிஞ்சும். முன்பு அது உரக்குழிக்குப் போனது. இப்போது கொட்டகைக்கு வருகிறது. அதைக் காரம் போட்டு அவித்து, அலசி, கஞ்சிபோல அரைத்து, சோப்பு மாதிரி ஒரு மருந்தை விட்டு, முட்டையின் வெள்ளைக்கருவை அடிப்பதுபோல் நுரைக்க நுரைக்க அடித்துத் தட்டில் ஊற்றுவார்கள். தண்ணீர் வடிந்ததும் சூட்டறையில் வைத்தால் நுரை அப்படியே காய்ந்து பலகையாகிவிடும். கையில் எடுத்தால் கனமே தெரியாது. உள்ளே பெரும்பாலும் காற்றுதான், அதை நார் பிடித்து வைத்திருக்கிறது. யுவன் அதற்கு செல்லுலோஸ் ஃபோம் என்று பேர் சொன்னான். வேலை செய்கிற பெண்கள், பழுப்பு நிறத்தில் கண்ணு கண்ணாக இருக்கிறதே என்று, நார் ரொட்டி என்றார்கள். கடைசியில் யுவனும் ரொட்டி என்றே சொல்லப் பழகிவிட்டான்.

இந்த ரொட்டியை கே.எல். ஆபீஸ்களில் சுவரில் பதிக்க வாங்கிப் போகிறார்கள், ஒருவர் பேச்சு இன்னொருவர் காதில் இடிக்காமல் இருக்க. சத்தம் அந்தப் பொடிக் கண்களுக்குள் புகுந்து அலைந்து அலைந்து களைத்துப் போகும் என்பான் யுவன். நளினி ரொட்டிகளின் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சீராக்குகிற வேலையில் இருந்தாள். ஈப்போ போய்வந்த மறுநாள், தேய்த்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

“சார், ஓரம் கோணிப் போனதெல்லாம் மூலையில அடுக்கிக் கெடக்கே. அத நான் எடுத்துக்கலாமா?”

விஷயத்தைக் கேட்டதும் யுவனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவனே ஏணியோடு லயத்துக்கு வந்துவிட்டான். வீட்டுக்குள் நின்று ஒரு கை தட்டிப் பார்த்து, அண்ணாந்து, விரலால் காற்றில் கோடு போட்டான்.

“அக்கா, இது சத்தத்த உறிஞ்சும், தடுக்காது. மேல அந்த ஒரு முழம் தொறந்து கெடக்கிற வரைக்கும் நீங்க கீழ என்ன ஒட்டினாலும் வேஸ்ட். மொதல்ல அத அடைக்கணும்.”

மேலே திறந்து கிடந்த இடத்துக்கு பிளைவுட் அடித்து, அதற்கு இரண்டு பக்கமும் இரட்டை ரொட்டி பதித்து, பலகைச் சுவர் முழுக்க ஒற்றை ரொட்டி ஒட்டி முடித்தார்கள். ஜெகா ஸ்குரூ முடுக்கினான், துளசி தேநீர் போட்டாள், நளினி பசை தடவினாள். எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டே செய்தார்கள். கம்ப்ளேன் கொடுத்தவனும் கொடுக்கப்பட்டவளும் ஒரே வாளிப் பசையில் கை வைத்திருந்ததைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆயா நாற்காலியில் உட்கார்ந்து, அடைபடுகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் சோதித்துப் பார்க்க வேண்டுமே. ஜெகாவும் துளசியும் அவர்கள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நளினி இந்தப் பக்கம் நின்று, என்ன கத்துவதென்று தெரியாமல், “ஜெகா, எறங்குடா,” என்று அம்மாவின் குரலிலேயே கத்தினாள். சொன்னதும் உடம்பு கூசியது.

“நீ ஏன்டி கத்துற?” என்றாள் ஆயா. “அதான் நான் சொல்றேன்ல.”

பக்கத்து வீட்டிலிருந்து துளசி ஓடி வந்தாள். “எப்பக் கத்தப் போற?” என்று கேட்டாள். அதைக் கேட்டு யுவன் ஏணியில் நின்றபடியே கை தட்டினான்.

அந்த வாரம் ஜெகா செத்தவன் மாதிரி தூங்கினான். முகத்தில் ரத்தம் ஊறியது. கே.எல்.லிலிருந்து வரும்போது ஆயாவுக்கு மாம்பழம் வாங்கி வந்தான். “அவரு குறட்டைதான் எனக்குத் தொல்லை, அதுக்கும் ஒரு ரொட்டி ஒட்டிவிடு,” என்று துளசி கிண்டல் பண்ணினாள். கிராணி நளினியை வழியில் கண்டு, நாற்காலி இல்லாத இடத்தில் நின்றுகொண்டே, “நல்ல வேலை பண்ணினம்மா, மேனேஜருகிட்ட சொல்லிட்டேன்,” என்றார். ஈப்போ ஹோம் தொலைந்தது என்று நளினி நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. மலைக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள். மறுநாளும் கட்டியிருந்தது. நடுவில் ஓயாமல் பகல் பூராவும் கத்தினால் தொண்டை கட்டாமல் என்ன செய்யும்? அது இப்போது எனக்குத் தெரிகிறது, உங்களுக்கும் தெரிகிறது. அவளுக்கு அன்றைக்குத் தெரியவில்லை. ஒரு நாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தபோது அம்மா சுவரில் காதை வைத்து நின்றாள். ஒரு கை ரொட்டியைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

“சத்தத்தையே காணோமே,” என்றாள் ஆயா.

“எல்லாரும் தூங்குறாங்கம்மா. நீயும் கொஞ்சம் படு.”

“தூங்கினா எனக்குக் கேக்கும்டி.”

நளினி இரண்டு வாய் சோறு ஊட்டிவிட்டு, முன்கதவை வெளியே கொக்கி போட்டுவிட்டு, வேலைக்கு ஓடினாள்.

அது நடந்தது அடுத்த வெள்ளிக்கிழமை. மழை பிடித்துக்கொண்டதால் பத்து மணித் தேநீர் நேரத்தில் நளினி வீட்டுப் பக்கம் வரவில்லை. மத்தியானம் வந்து கொக்கியை எடுத்தால் கதவு பாதிதான் திறந்தது. உள்ளே பெஞ்சு கவிழ்ந்து கிடந்து தடுத்தது. ஆயா சிமெண்டுத் தரையில் கிடந்தாள். பக்கத்தில் தண்ணீர் அண்டா சாய்ந்து சேலை முழுக்க நனைந்திருந்தது. வலது கை மணிக்கட்டில் கோணியிருந்தது. கண் திறந்திருந்தது, வாயும் அசைந்தது, ஆனால் குரல் வரவில்லை. எவ்வளவு நேரம் கூப்பிட்டாளோ, குரல் தீர்ந்து வெறும் காற்றுதான் வந்தது.

துளசி வேலைக்குப் போயிருந்த நேரம். நளினி பக்கத்து வீட்டுக் கதவை இடித்தாள். இடித்துக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் கழித்து ஜெகா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் உள்ளே பாய்ந்து, ஆயாவைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி, வெளியே நின்ற லோரியில் வைத்தான். தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கு விரட்டினான். வாசலில் நிறுத்தும்போதுதான் கேட்டான்.

“எவ்வளவு நேரமாக் கெடந்துச்சு?”

“தெரியலண்ணே.”

“நான் பக்கத்துலதானே படுத்திருந்தேன்,” என்றான்.

கை ஒடிந்திருந்தது. குளிர் ஏறியிருந்தது, இரண்டு நாளாவது வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். மாவுக்கட்டுப் போட்டு ஆயாவைத் தூங்க வைத்த பிறகு இருவரும் வராந்தாவில் உட்கார்ந்தார்கள். ஜெகா லுங்கியோடு வந்திருந்தான், செருப்புகூட இல்லை.

“கம்ப்ளேன் கொடுத்தது நான்,” என்றான். “அப்படித் தூங்கிக் கெடந்ததும் நான்.”

நளினி முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். அதில் ஒரு பிடி பழுப்பு நார் இருந்தது. “அம்மா இடது கையில இருந்துச்சு. நர்ஸு விரலப் பிரிச்சு எடுத்துக் குடுத்தாங்க. பெஞ்சு மேல ஏறி அந்த மேல்பலகைய பிச்சிருக்காங்கண்ணே.”

“எதுக்கு?”

சொல்ல ஆரம்பித்தபோதுதான் அவளுக்கே புரிந்தது. புரிந்ததும் அழுகை வந்தது. அழுதுகொண்டே சொன்னாள்.

“உங்க குறட்டையக் கேட்டுத்தாண்ணே அவங்க நடுவுல நடுவுல அடங்குவாங்க. நான்தான் களைச்சுப் போயிட்டாங்கன்னு நெனச்சேன். புள்ள எறங்கிப் படுத்துட்டான்னு அவங்களுக்கு அதுதான் அடையாளம். அவங்க சத்தம் உங்களுக்கு வரக்கூடாதுன்னு அடைச்சோம். உங்க சத்தம் அவங்களுக்கு வேணும்னு யாருக்குத் தோணுச்சு? ஒரு வாரமா புள்ள சத்தமே இல்ல. தேடி ஏறிட்டாங்க.”

ஜெகா நீளாத முழங்கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். “நான் தொட்டிமேல இருந்து விழுந்தத என்கிட்ட யாரும் பெருசாச் சொன்னதில்ல,” என்றான் கடைசியில். “ஏதோ புள்ளைங்க விழும், எந்திரிக்கும். ஆயா அத இத்தன வருஷமா மனசுல வச்சிருக்கும்னு நெனைக்கல.”

கிராணி ஃபோனில் கூப்பிட்டார். ஃபோனில் நாற்காலி போட முடியாததால் நேராகவே சொன்னார். “இனிமே தனியா விட்டு வேலைக்குப் போவ முடியாதும்மா. மேனேஜரு ஈப்போவுல பேசிட்டாரு. திங்கக்கெழம எடம் இருக்காம். உன் நல்லதுக்குத்தான் சொல்றோம்.”

உன் நல்லதுக்கு என்று சொல்கிறவர்களிடம் வாதாட முடியாது. நளினி சரி என்றாள். சரி என்று சொல்லிவிட்டு, சரியாகத்தான் சொன்னோமா என்று ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து யோசித்தாள். பகலில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. பார்த்துக்கொண்டாலும் அம்மா கத்துவாள். கத்தினால் ஜெகா தூங்க மாட்டான். தூங்காதவன் தாப்பா ரோட்டில் இறங்கினால் அந்தப் பாவம் யாருக்கு? எப்படிச் சுற்றினாலும் ஈப்போவில்தான் போய் நின்றது.

ஞாயிறு மத்தியானம் அம்மாவை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். ஒரு பையில் அவள் சேலைகளை மடித்து வைத்தாள். யுவன் வந்து பார்த்துவிட்டு முகம் வாடிப் போனான். “அக்கா, தேய்க்கிற வேலைய வீட்டுல வச்சே செய்யுங்க, நான் கொண்டு வந்து போடுறேன்,” என்றான். அது பாதிக் கவலையைத் தீர்த்தது. பாதிக் கவலை தீர்ந்தால் மீதிப் பாதி இன்னும் அதிகமாக உறுத்துகிறது. அவன் போகும்போது ஒரு கட்டு ரொட்டியும் உப்புத்தாளும் வைத்துவிட்டுப் போனான்.

திங்கட்கிழமை காலை, பொழுது நன்றாக விடிந்திருந்தது. ஜெகாவின் லோரி வந்து நின்ற சத்தம் கேட்டது. அவன் வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே வந்தான்.

“ஆபீஸுல நின்னுட்டுத்தான் வர்றேன்,” என்றான். “கம்ப்ளேனத் திரும்ப வாங்கிட்டேன். எனக்கு ஒரு தொல்லையும் இல்லன்னு கிராணிகிட்ட சொல்லிட்டேன். பைய அவுத்து வை.”

“எப்படிண்ணே தூங்குவீங்க?” என்றாள் நளினி. “வளைவுல மறுபடியும் கண்ணு சொருகினா? அண்ணி முகத்துல நான் எப்படி முழிப்பேன்?”

“தெரியாது,” என்றான் ஜெகா. “மொதல்ல அந்த மேல்பலகைய எடுப்போம். அப்புறம் பாப்போம்.”

அவன் அதற்கு மேல் யோசித்திருக்கவில்லை. அது நளினிக்கும் தெரிந்தது. இப்படி எத்தனை நாள் ஓடும்? ஒரு வாரம் அம்மா கத்துவாள், அடுத்த வாரம் துளசி அழுவாள், அதற்கடுத்த வாரம் அவளே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவாள். ஆனாலும் பையை அவிழ்த்தாள். கை அதைத்தான் செய்ய ஆசைப்பட்டது.

ஜெகா அவன் வீட்டுப் பக்கமிருந்து நாற்காலி மேல் ஏறி வேலையை ஆரம்பித்தான். ஸ்குரூ ஒவ்வொன்றாகக் கழன்றது. பிளைவுட்டும் ரொட்டியும் சேர்ந்து உள்ளே இறங்க, ஒரு முழ இடைவெளி மறுபடியும் திறந்தது. அதில் ஜெகாவின் தலை தெரிந்தது, நரைத்த மீசையும் வியர்வையுமாக.

கட்டிலில் சாய்ந்திருந்த ஆயா நிமிர்ந்தாள். மாவுக்கட்டுப் போட்ட கையை ஊன்றப் பார்த்தாள். நளினி ஓடிப் பிடிப்பதற்குள், ஆஸ்பத்திரியில் பாதி திரும்பியிருந்த குரலில் கத்திவிட்டாள்.

“ஜெகா, எறங்குடா. கீழ எறங்குடா.”

ஜெகா ஸ்குரூ டிரைவரோடு அப்படியே நின்றான். எத்தனையோ மாதமாக இந்தச் சொல்லுக்கு அவன் தலையணையால் காதைப் பொத்தியிருக்கிறான், சுவரை இடித்திருக்கிறான், ஆபீஸ் வரை போயிருக்கிறான், பலகை வைத்து அடைத்திருக்கிறான். பதில் சொன்னதில்லை. அவன் மட்டுமா? லயத்தில் ஒருத்தரும் சொன்னதில்லை, பெற்ற மகள்கூட. பைத்தியக்காரப் பேச்சுக்கு யார் பதில் சொல்வார்கள்?

இடைவெளியில் தெரிந்த தலை மறைந்தது. நாற்காலியிலிருந்து கால் தரையில் படுகிற சத்தம் கேட்டது.

“எறங்கிட்டேன் ஆயா,” என்றான் ஜெகா அந்தப் பக்கத்திலிருந்து.

ஆயா கூரையைப் பார்த்தபடி இருந்தாள். அவள் மூச்சு மட்டும் வேகமாக வந்துபோனது.

“அடி பட்டுச்சாடா?”

அந்தப் பக்கம் அவன் எந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பான் என்று நளினிக்குத் தெரிந்தது.

“இல்ல ஆயா,” என்றான். “ஒண்ணும் படல.”

“கை?”

“நல்லாத்தான் இருக்கு ஆயா.”

“அப்பப் போய்ப் படு,” என்றாள் ஆயா, பழைய அதட்டலோடு. “எத்தன தடவ சொல்றது.”

“படுக்கிறேன்.”

கட்டில் கிரீச்சிட்டது. நளினி முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். எந்த நிமிஷம் மறுபடியும் ஆரம்பிக்குமோ என்று காத்திருந்தாள். ஆரம்பிக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், யுவன் வைத்துவிட்டுப் போன ரொட்டி ஒன்றை மடியில் எடுத்து ஓரத்தைத் தேய்க்கத் தொடங்கினாள். இலேசான தூள் சேலையில் உதிர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் சுவருக்கு மேலேயிருந்து குறட்டை வந்தது. இரவு முழுக்க மலை இறங்கி ஏறி வந்தவனுடைய பெருங்குறட்டை. நடுவில் ஒரு தடவை நின்றது. நளினியின் கையும் நின்றது. அவன் புரண்டு படுத்துவிட்டு மறுபடியும் தொடர்ந்தான், ஆயா வாய் திறக்கவில்லை. கண்ணை மூடிக் காதால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நளினி தேய்ப்பதைத் தொடர்ந்தாள். ஆயா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்து, ஒடியாத கையின் விரலை உதட்டில் வைத்தாள்.

“சத்தம் போடாதடி,” என்று கிசுகிசுத்தாள். “புள்ள இப்பத்தான் தூங்குறான்.”

நளினி உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டாள்.